கேசியோவின் முதுகில் ஒரு துளை

பேத்தி விடுமுறைக்கு வருகிறாள் என்று பரணிலிருந்து பழைய கேசியோ கீபோர்டை இறக்கினேன். மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. அடாப்டர் பின்னைச் சொருகிப் பிடித்தால் விளக்கு எரியும். கையை எடுத்தால் அணைந்துவிடும். வயரை மடக்கி ரப்பர் பேண்டு போட்டே பல வருடம் ஓட்டியதன் பலன். கடைத் தம்பி, "புதுசே வாங்கிடுங்க சார்" என்றார். மனம் வரவில்லை. கட்டைகளின் மேல் என் மனைவி தன் கையெழுத்தில் ச, ரி, க, ம எழுதி ஒட்டிய துண்டுகள் இன்னும் இருக்கின்றன. அவள் போய் ஆறு வருடமாகிறது.

கேசியோ முதலில் கணக்குப் பொறிக் கம்பெனி. காஷியோ சகோதரர்கள் நால்வர் 1957-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 14-ஏ கால்குலேட்டர் ஒரு மேசை அளவு இருக்கும். உள்ளே எல்லாம் ரிலேக்கள். சகோதரர்களில் டோஷியோவுக்கு இசைப் பைத்தியம். அப்படித்தான் 1980-ல் கேசியோடோன் 201 வந்தது. 29 வாத்திய ஒலிகள். அடுத்த வருடமே பேட்டரியில் ஓடும் சிறிய எம்.டி.-40. அதன் தாளங்களில் ஒன்றை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா என்ற இளம்பெண். 1985-ல் ஜமைக்காவில் அதை வைத்து ஒரு பாட்டுப் போட்டார்கள். அந்த ஊர் இசையின் போக்கே மாறிப்போனது!

பேட்டரி என்றதும் சாக்கெட் கதைக்கு வருகிறேன். அதற்கு மூன்று கால்கள். ஒன்று நடு ஊசிக்கு, ஒன்று வெளித் தகட்டுக்கு. மூன்றாவதில் பேட்டரியின் பாசிட்டிவ். பின் இல்லாதபோது வெளித் தகடு மூன்றாவதைத் தொட்டுக்கொண்டிருக்கும். பின் நுழைந்ததும் தள்ளப்பட்டு விலகும், பேட்டரி துண்டிக்கப்படும். இந்த ஏற்பாட்டில் வெளிப்பக்கம் பாசிட்டிவ், நடு நெகட்டிவ் என்று ஆகிறது. இன்று கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுதான் பாசிட்டிவ். கையில் கிடைத்ததைச் சொருகினால் போர்டு போய்விடலாம். அடாப்டர் மேல் போட்டிருக்கும் வட்டப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

பழையதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய், துளை, ஊசிப் பருமன், கால்கள் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தே வாங்கினேன். கை நடுக்கத்தால் சால்டரிங் மட்டும் அந்தத் தம்பியே வைத்துக் கொடுத்தார். மீட்டரில் 9 வோல்ட் காட்டியது.

பேத்தி வந்ததும் முதலில் கேட்டாள்: "தாத்தா, இந்த ச-வுக்கு மட்டும் மேல ஏன் புள்ளி வச்சிருக்கு?"