பயிலும் ஊரே பணிபுரியும் ஊர்

ஒரு நாட்டில் மருத்துவர்களின் எண்ணிக்கை போதுமானதாக இருக்கலாம். ஆனால், அவர்கள் எல்லாரும் ஒரே பக்கத்தில் குவிந்திருந்தால் மற்ற ஊர்களின் கதி என்ன? இக்கேள்விக்கு விடை தேடி பிரிட்டன் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக மேற்கொண்டு வரும் முயற்சிகள், மற்ற நாடுகளுக்கும் பாடமாக அமைந்துள்ளன.

1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு, ஒரு குடும்ப மருத்துவர் ஓய்வு பெறும்போது தமது கிளினிக்கை வேறொரு மருத்துவருக்கு விலைக்கு விற்பது வழக்கம். வசதி படைத்தோர் வாழும் ஊர்களை நாடியே பலரும் சென்றனர். சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வாழ்ந்த ஊர்களில் மருத்துவர்களுக்குப் பஞ்சமே நிலவியது.

புதிய சட்டம் அந்த விற்பனைக்குத் தடை விதித்தது. மருத்துவர்களின் பரவலைக் கவனிக்க ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. மருத்துவர்கள் நிறைந்த வட்டாரத்திற்குப் புதிதாக இன்னொருவர் வருவதை அக்குழு மறுக்கலாம். ஆனால், 'இந்த ஊருக்குப் போ' என்று எவருக்கும் உத்தரவிட அதற்கு அதிகாரம் இல்லை. கதவை அடைக்க முடிந்ததே தவிர, ஆளை அனுப்ப முடியவில்லை.

திட்டமிடுவதிலும் பிழை நேர்ந்தது. 1957-ஆம் ஆண்டு, வில்லிங்க் குழு மருத்துவ மாணவர்களின் எண்ணிக்கையைப் பத்தில் ஒரு பங்கு குறைக்கலாம் எனப் பரிந்துரைத்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே பற்றாக்குறை தலைதூக்கியது. பிரிட்டிஷ் மருத்துவர்கள் பலர் வெளிநாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர்.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் யார்? இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து சென்ற மருத்துவர்கள். அவர்களில் பலர் நிபுணத்துவ மருத்துவராகும் கனவோடு போனவர்கள். மருத்துவமனைகளில் உயர் பதவிகள் எட்டாமல் போகவே, மற்றவர்கள் செல்லத் தயங்கிய சுரங்க ஊர்களிலும் தொழில் நகரங்களிலும் குடும்ப மருத்துவர்களாக அமர்ந்தனர். அங்கேயே பல்லாண்டுகள் உழைத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

வேல்ஸ் பகுதியில் கிளின்கோரக் என்னும் சுரங்கச் சிற்றூரில் பணியாற்றிய டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். எங்கே நோய் அதிகமோ அங்கே நல்ல சிகிச்சை குறைவு. எங்கே தேவை குறைவோ அங்கே வசதி அதிகம் என்பதே அது. 'தலைகீழ் பராமரிப்பு விதி' என்று அது இன்றும் பேசப்படுகிறது.

1982-ஆம் ஆண்டு முதல், குடும்ப மருத்துவராக விரும்புவோர் மூன்றாண்டுப் பயிற்சி பெறுவது கட்டாயமானது. தரத்திற்கு இது நல்லதுதான். ஆனால், பயிற்சி அளிக்கும் கிளினிக்கிற்குப் போதிய இடமும், பயிற்றுவிக்க நேரமுள்ள மூத்த மருத்துவரும் வேண்டும். நோயாளிகள் நிரம்பி வழியும் ஏழை வட்டாரங்களில் அதற்கு ஏது அவகாசம்? எனவே, வசதியான பகுதிகளிலேயே பயிற்சி இடங்கள் அதிகம் அமைந்தன. பயிற்சி முடித்தவர்களோ பெரும்பாலும் பயின்ற இடத்திற்கு அருகிலேயே தங்கிவிடுகின்றனர். மூன்றாண்டுகளில் நண்பர்களும், வீடும், சில வேளைகளில் திருமணமும் அங்கேயே அமைந்துவிடுகின்றன அல்லவா!

மருத்துவர்களின் பரவலைக் கவனித்த குழு 2002-ஆம் ஆண்டு கலைக்கப்பட்டது. பிறகு, பார்வை பயிற்சி இடங்களின் பக்கம் திரும்பியது. 2016-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் நீண்ட காலம் ஆள் கிடைக்காத பயிற்சி இடங்களை ஏற்போருக்கு 20,000 பவுண்டு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. வேல்ஸும் அதே வழியைப் பின்பற்றியது; பயிற்சிக்குப் பின் ஓராண்டு அவ்வட்டாரத்திலேயே பணிபுரிய வேண்டும் என்பது அங்கு நிபந்தனையாக விதிக்கப்பட்டது.

ஹார்ட் கட்டுரை எழுதிய அதே 1971-ஆம் ஆண்டில்தான் மலேசியாவிலும் மருத்துவச் சட்டம் இயற்றப்பட்டு, மருத்துவர்களுக்குக் கட்டாய அரசு சேவை விதிக்கப்பட்டது. கட்டாயம் ஒருவரை ஓர் ஊருக்குக் கொண்டு சேர்க்கலாம். ஆனால், தவணை முடிந்த பிறகும் அவர் அங்கே தங்குவாரா? நல்ல ஆசானும், நல்ல கிளினிக்கும், வேர்விட அவகாசமும் அந்த ஊரிலேயே கிடைத்தால் தங்குவார். மருத்துவர் தேவைப்படும் ஊருக்கு முதலில் பயிற்சி போகட்டும். மருத்துவர் பின்னாலேயே வருவார்.