கதவைத் திறந்தால் என்ன இருக்கு?

பழைய ஐரோப்பியக் கோயில்களில் பலிபீடத்துக்குப் பின்னால் மரப்பலகையில் வரைந்த பெரிய ஓவியங்கள் இருக்கும். நடுவில் பெரிய பலகை, இரண்டு பக்கமும் பிணைச்சல் போட்ட கதவுகள், கீழே நீளமாக ஓர் அடிப்பலகை. சாதாரண நாளில் மூடிக் கிடக்கும், திருநாளில் திறப்பார்கள்.

மத்தியாஸ் குருனேவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் வரைந்த ஈசன்ஹைம் பீட ஓவியம் இதில் பெயர்போனது. இப்போது பிரான்சின் கொல்மார் நகரில் இருக்கிறது. வரைவித்தவர்கள் நோயாளரைப் பராமரித்த வனத்து அந்தோனியார் சபைத் துறவிகள். பூஞ்சை பிடித்த தானியத்தில் சுட்ட பாணைத் தின்று கைகால் எரிந்து அழுகிப்போன சனம் அவர்களிடம் வரும். அந்த நோய்க்குப் பெயரே 'அந்தோனியார் நெருப்பு'. மூடிய கதவில் சிலுவையில் தொங்கும் யேசுவுக்கும் உடம்பெல்லாம் புண். விரல்கள் முறுக்கிப் போயிருக்கும். கதவைத் திறந்தால் ஒளிக்கு நடுவே உயிர்த்தெழும் யேசு. ஆணி அடித்த காயங்கள் தெரியும், அந்தப் புண்கள் இல்லை. 'உன்ர உடம்பும் ஒருநாள் இப்பிடி ஆகும்' எண்டு நோயாளிக்குச் சொல்லுற ஓவியம் அது.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் இது ஜேர்மனியின் மியூனிக் நகருக்குக் கொண்டுபோகப்பட்டது. 1918, 1919இல் அங்கே காட்சிக்கு வைத்தபோது, தோற்றுப்போன நாட்டின் சனம் திரள்திரளாக வந்து பார்த்தது.

அந்தப் போரில் இயந்திரத் துப்பாக்கிப் படையில் இருந்தவர் ஓவியர் ஒட்டோ டிக்ஸ். போர் முடிந்து பத்து வருடத்திலேயே வீரக்கதைகள் பெருகின. 1929 முதல் 1932 வரை அவர் 'போர்' என்ற ஓவியத்தை வரைந்தார். எடுத்தது பீட ஓவியத்தின் வடிவம். கன்வஸ் இல்லை, மரப்பலகைதான். பழைய ஜேர்மன் ஓவியர்களைப் போலவே மெல்லிய வர்ணப் படைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசினார்.

இடது பலகையில் பனிமூட்டத்துக்குள் படையினர் நடந்து போகிறார்கள். நடுவில் சிதைந்த பதுங்குகுழி. மேலே இரும்பில் மாட்டிய பிணம் ஒன்று விரல் நீட்டிக் காட்டுகிறது. ஈசன்ஹைமில் ஸ்நாபக யோவான் யேசுவைச் சுட்டிக்காட்டுவார். இங்கே சுட்டிக்காட்ட யேசு இல்லை, பிணங்கள்தான். வலது பலகையில் காயப்பட்டவனை இழுத்து வருகிறவருக்கு டிக்ஸின் முகம். அடிப்பலகையில் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். நித்திரையா, சாவா எண்டு தெரியாது. நித்திரையெண்டால் விடிய எழும்பித் திரும்ப இடது பலகைக்குத்தான் போகவேணும். திறந்து பார்க்க உள்ளுக்கு ஒன்றும் இல்லை. உயிர்ப்பும் இல்லை.

1933இல் நாசிகள் டிக்ஸை ட்ரெஸ்டன் கலைக்கல்லூரிப் பேராசிரியர் பதவியிலிருந்து தூக்கினார்கள். மறைத்து வைத்ததால் ஓவியம் தப்பியது. இன்று அதே ட்ரெஸ்டனில்தான் இருக்கிறது.

இந்த வடிவம் அதோடு முடியவில்லை. தென்னாபிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில் ஹம்பேர்க் என்ற கிராமத்துப் பெண்கள், எயிட்ஸில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு, 2005இல் ஈசன்ஹைம் அளவிலேயே ஒரு பீடம் செய்தார்கள். வர்ணத்துக்குப் பதிலாக நூலும் மணியும். சிலுவை இருந்த இடத்தில் ஒரு விதவைப் பெண். கடைசிக் கதவையும் திறந்தால் பேரப்பிள்ளைகளோடு நிற்கும் அம்மம்மாக்களின் படங்கள்.

டிக்ஸ் உள்ளே ஒன்றும் வைக்காதது பொய் சொல்லக்கூடாது என்பதால். அந்தப் பெண்கள் அம்மம்மாக்களை வைத்தது, உயிரோடு மிஞ்சியிருந்தது அவர்கள்தான் என்பதால். நினைவுச்சின்னம் ஒன்றைப் பார்க்கும்போது நாங்களும் கேட்கவேண்டியது இதைத்தான்: இதில் எங்கட சனத்தின்ர காயம் இருக்கா? கதவைத் திறந்தால் உள்ளுக்கு இருக்கிறது உண்மைதானா?