கண்டிக் குள்ளத் தேரை

இலங்கை மலைநாட்டுக்கே உரிய சிறு தேரை. விலங்கியலாளர் குந்தர் 1872இல் விவரித்தார். பிறகு நூறாண்டுக்கும் மேலாக எவர் கண்ணிலும் படாததால் அற்றுப்போன இனமாக அறிவிக்கப்பட்டது. 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில், விரைந்தோடும் ஓடையொன்றில் மெண்டிஸ் விக்கிரமசிங்க குழுவினர் மீண்டும் கண்டனர். 2012இல் செய்தி வெளியானது. 1998இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட இன்னொரு தேரையும் இதுவே எனப் பின்னர் தெரிந்தது. 'அற்றுப்போனது' என்றது அவசரத் தீர்ப்புதான்.

ஆயினும் ஆபத்து நீங்கவில்லை. ஓடைநீர் கலங்கினால் தலைப்பிரட்டை பிழைப்பது கடினம். பதுளை, அப்புத்தளைப் பக்க மலைத் தவளைகளுக்கும் இதே கதிதான்: காப்பியும் தேயிலையும் காட்டை விழுங்கின, எஞ்சியவை துண்டுக் காடுகளும் ஓடைக்கரைகளுமே. தேயிலை மலைக் கானில் வழியும் மண்ணும் களைக்கொல்லியும் ஓடையில்தான் சேரும். இந்தத் தேரை மீண்டும் கிடைத்த சிவனொளிபாதமலைக் காடோ 2010 முதல் உலக மரபுரிமைப் பகுதி.