உப்பின் மேல் சுட்ட பிஸ்கோத்து

சென்ற கோடையில் நண்பர்கள் நால்வர் மரக்காணம் பூமீசுவரர் கோயிலுக்குச் சென்றிருந்தோம். சோழர் காலக் கல்வெட்டுகளை நேரில் படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆவல். (நண்பகலுக்குள் கண்கள் சோர்ந்துவிட்டன என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.) திரும்பும் வழியில், உப்பளங்களை ஒட்டிய சிற்றூரில், எங்களுள் ஒருவரின் அத்தை வீட்டில் இளைப்பாறினோம். தேநீரோடு ஒரு தகர டப்பா வந்தது. அதனுள் நெய் மணக்கும் பிஸ்கோத்துகள், விளிம்பில் மெல்லிய வெடிப்புகளோடு. கையில் எடுத்தால் உறுதியாக இருந்தது; பல் பட்டதும் மணலாய் உதிர்ந்தது.

"எந்த பேக்கரியில் வாங்கியது, அத்தை?" என்றேன்.

"பேக்கரியா? நம்ம அளத்து உப்பு மேல சுட்டது, தம்பி."

கல்வெட்டுகளைப் பற்றி எழுத எண்ணியிருந்த கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தால் திசைமாறிவிட்டது. பொறுத்தருள்க.

மரக்காணத்துக்கும் உப்புக்கும் உள்ள உறவு நம் குழுவினருக்குப் புதிதல்ல. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் பட்டினமாக வரும் எயிற்பட்டினம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பெரிப்ளூஸ் குறிப்பிடும் ‘சோபட்மா’வும் இதுவாகலாம், ‘சோ’ என்றாலும் ‘எயில்’ என்றாலும் பொருள் மதில்தானே! அதே ஆற்றுப்படையில் உமணர் சிறுவர்களோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடும் மந்தியை யாரால் மறக்க இயலும்? உமணரின் வண்டிகள் போன பின் தோணிகள் வந்தன. காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு மரக்காணமே தென்கோடி. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக, சென்னையில் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே வெட்டப்பட்ட இணைப்பால் அந்நீர்வழி ஒன்றுபட்டது. ஆளுநரின் பெயரும் அதற்கு அப்போதுதான் வந்தது.

பிஸ்கோத்தின் வழித்தடம் வேறு. அச்சொல் போர்த்துகீசியரிடமிருந்து நாம் பெற்றது; இலத்தீன் மூலத்தில் ‘இருமுறை சுட்டது’ என்று பொருள். கடற்பயணத்துக்காக ஒருமுறை வெந்த ரொட்டியை மீண்டும் உலர்த்தி ஈரத்தை அறவே நீக்கியதால் வந்த பெயர். இனிப்பும் நெய்யும் சேர்ந்த நம் ‘நெய் பிஸ்கட்’ இதற்கு நேர்வாரிசு அன்று. அதன் உறவு சூரத்து நானகத்தாயோடு. டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற ரொட்டிக்கடையிலிருந்து பார்சிகளின் கையில் அது உருப்பெற்றது என்பது அவ்வூர் மரபு. புளிக்கவைக்கக் கள் ஊற்றிய காலமும் உண்டு என்பார்கள்.

நானகத்தாய் தெற்கே வந்தபோது அதைச் சுடுவதற்கு வீடுகளில் என்ன இருந்தது? நம் அடுக்களை அவித்தது, பொரித்தது, தோசைக்கல்லில் வார்த்தது. நாற்புறமும் உலர்ந்த வெப்பம் சூழும் அடுமனை அடுப்பு வீட்டில் கிடையாது. இந்த இல்லாமையே பலகாரத்தின் பதத்தை வகுத்தது என்பதுதான் நான் சொல்லவருவது. வீட்டு பிஸ்கோத்தைக் கடைச்சரக்கின் ஏழை நகலாகக் கருதுவது பெரும்பிழை.

அத்தையின் முறை இது. தடித்த அலுமினியப் பாத்திரத்தில் இரு விரற்கடை உயரம் கல்லுப்பைப் பரப்பி, வெறுமனே சூடேற்ற வேண்டும். முதலில் படபடவென்று வெடிக்கும். அளத்துப் பாத்தியில் விரைந்து வளரும் பெரிய படிகங்கள் உள்ளறைகளில் சிறிது உவர்நீரைச் சிறைபிடித்து வைத்திருக்கும். சூட்டில் அது ஆவியாகிப் படிகத்தைப் பிளக்கிறது. வெடிச்சத்தம் அடங்கினால் உப்பு உலர்ந்தது என்று பொருள். அதன்மேல் ஒரு வளையம், வளையத்தின்மேல் மாவுருண்டைகள் அடுக்கிய தட்டு, பிறகு மூடி. மூடியின் மேல் நாலைந்து கரித்துண்டுகளின் கங்கு.

உப்பு எதற்கு? உருகுவதற்கு 801 பாகை செல்சியஸ் வேண்டும் என்பதால் எந்த அடுப்பும் அதை அசைக்காது. அடுப்பின் தீ ஏறி இறங்கினாலும் அந்தப் படுகை வெப்பத்தை வாங்கிவைத்து நிதானமாக, சீராகத் தருகிறது. ஆனால் இந்த நிதானத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாவு இறுகுவதற்கு முன்பே நெய் உருகிவிட்டால் பிஸ்கோத்து வடை தட்டியதுபோல் பரந்துவிடும். எனவே உப்புப் படுகைக்கான மாவு கெட்டியாக இருக்க வேண்டும். மைதாவோடு கொஞ்சம் கடலைமாவும் ரவையும் சேர்வது அதற்காகத்தான். ரவை நெய்யைத் தாங்கிக்கொள்கிறது. வெந்தபின் நாவில் மணல்மணலாய்த் தட்டுப்படுகிறது. இங்கிருந்து தெற்கே சிறிது தொலைவிலுள்ள புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரரும் தம் நாட்டு வெண்ணெய்ப் பிஸ்கோத்து ஒன்றை ‘சாப்ளே’ என்பர். ‘மணலானது’ என்பதே அதன் பொருள். இதை அத்தையிடம் சொன்னபோது அவர் அவ்வளவாக வியக்கவில்லை.

வெண்ணெய்க்கும் நெய்க்கும் உள்ள வேறுபாடு மணத்தோடு முடிவதில்லை. வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீர். மைதாவின் புரதம் நீரைக் கண்டால் இழுவையான பசையாகிப் பின்னிக்கொள்ளும். கடிக்கும்போது தெரியும் வன்மை அதனால் வருவது. நெய்யில் நீர் இல்லாததால் அந்தப் பின்னல் உருவாவதில்லை, உதிர்கிறது. அதிலும் உறைந்த நெய்யைச் சர்க்கரைப் பொடியோடு வெளுக்கும்வரை உள்ளங்கையால் குழைத்தால் காற்று நுண்குமிழ்களாய்ச் சிக்கிக்கொள்ளும். உருக்கிய நெய்யை ஊற்றிப் பிசைந்தவர்கள் அதன் பிறகு பல் மருத்துவரைத்தான் தேட வேண்டும். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டால் மொறுமொறுப்புக்கு விடைகொடுத்துவிட வேண்டியதுதான். வெல்லம் காற்றின் ஈரத்தை இழுத்து மென்மையாக்கிவிடும்.

மாவுக்குள் போகும் உப்பிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நெய்யில் உப்பு கரையாது. நீரே சேராத மாவில் கல்லுப்பைப் போட்டால் ஒரு கடியில் ஒன்றுமில்லை, மறு கடியில் கரிப்பு. ஆகவே வறுத்து, அம்மியில் மாவாய் அரைத்துச் சேர்க்கிறார்கள். வறுப்பது ஏன்? பாத்தியில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்புநீரில் மக்னீசிய உப்புகள் மிகுதி. அதைச் சரியாக வடிக்காமல் வாரிய உப்பு எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். ஒரு பிடி உப்பைக் கையில் எடுத்து மூடித் திறந்து பார்த்தே அளக்காரர்கள் அதைச் சொல்லிவிடுகிறார்கள்.

இனி, வரலாற்று நண்பர்கள் என்னை அடிக்க வரக்கூடிய இடம். உப்புப் படுகை முறை எவ்வளவு பழையது? மிகப் பழையதாக இருக்க முடியாது என்பது என் ஊகம். சென்னை மாகாணத்தில் உப்பு 1805 முதல் கம்பெனியின் தனியுரிமை. அளத்தங்கரையில் வாழ்ந்தவன் மண்ணில் தானே பூத்த உப்பைச் சுரண்டினாலும் குற்றம். 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு இராஜாஜி நடந்தது இந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான். 1931 காந்தி–இர்வின் உடன்பாட்டில்தான் உப்பு விளையும் ஊரார் தம் வீட்டுத் தேவைக்கு எடுத்துக்கொள்ள வழி பிறந்தது. வரி நீங்கியதோ 1947இல். வரி கட்டி வாங்கிய உப்பில் இரண்டு படியை அடுப்பில் கொட்டி வறுக்க எந்தக் குடும்பத் தலைவிக்கு மனம் வரும்? அத்தையின் தாயார் ஆற்றுமணலைத்தான் பரப்பினாராம். மணல் நறநறவென்று பலகாரத்தில் ஒட்டும் என்ற குறை அப்போது இருந்தது என்று அவரே சொன்னார். மணலிலிருந்து உப்புக்கு மாறிய அந்தச் சிறு மாற்றத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் ஒழிந்த கதை இருக்கிறது என்று நான் கருதுகிறேன். கல்வெட்டுச் சான்று கேட்காதீர்கள்!

1959ஐ ஒட்டி பிரஷர் குக்கர்கள் இந்நாட்டிலேயே தயாராகத் தொடங்கிய பின் உப்புப் படுகை அதனுள் குடிபுகுந்தது. ரப்பர் வளையத்தையும் விசிலையும் கழற்றிவிட்டுச் சுட வேண்டும். மறந்தால் நீராவி வெளியேற வழியின்றி பிஸ்கோத்து கொழுக்கட்டையாகும்.

மற்றோர் உப்பளக் கடற்கரையான தூத்துக்குடியில் மக்ரூன் கதை முற்றிலும் வேறு. அங்கே நெய்யே கிடையாது. முட்டை வெண்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரிப் பொடி தூவிக் கலந்து, குறைந்த சூட்டில் நெடுநேரம் உலர்த்துகிறார்கள். மேனாட்டில் பாதாம் இருந்த இடத்தில் இங்கே முந்திரி; அதுவும் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரத்தின் கொட்டை. நுரை உலர்ந்து நிற்பதால் மொறுமொறுப்பு. ஈரம் பட்டால் பிசுபிசுப்பு. அதைத் தனியே எழுத வேண்டும்.

அத்தையின் மகள் அண்மையில் மின் அடுப்பு ஒன்று வாங்கியிருக்கிறார். அதே மாவு, அதே கை. முன்பே சூடேறிய அறையில் மேலும் கீழும் ஒரேசமயம் வெப்பம் பாய்வதால் மேற்புறம் விரைந்து சிவந்து ஓடாகிவிட்டது. உள்ளே அந்த உதிர்வு இல்லை. மாவைத் தளர்த்த வேண்டும், நெய்யைக் கூட்ட வேண்டும் என்று மகள் வாதாடினார். "அப்போ அது வேற பலகாரம்," என்று அத்தை முடித்துவிட்டார். இருவர் சொன்னதும் சரி என்றே எனக்குப் பட்டது. அங்கே வாய் திறக்கவில்லை.

விடைபெறும்போது ஒரு பொட்டலம் கட்டித் தந்தார்கள். மேல்காற்று வீசும் பகலில், பாத்தியில் உப்பு நன்றாக இறங்கும் அதே வேளையில் சுட்டு, முழுக்க ஆறியபின் டப்பாவில் அடைத்தால் பல நாள் இருக்குமாம். மாலையில் கடற்காற்று திரும்பிவிட்டால் ஒரு மணி நேரத்தில் நமத்துப்போகும். நாங்கள் கிளம்பியது மாலையில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்க் கண்ணாடியைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டே வந்ததில், சென்னை சேர்வதற்குள் பாதி நமத்துவிட்டது. மீதிப் பாதியை மாமல்லபுரத்துக்கு முன்பே தின்று தீர்த்திருந்தோம்.