பழவேற்காட்டுக் கோட்டையும் கல்லறையும்

தமிழகத்துச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாற்றை, 1706ஆம் ஆண்டு சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடியில் கரையிறங்கிய நாளிலிருந்து தொடங்குவது நமது வழக்கம். அதற்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே, திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் சீர்திருத்தச் சபைப் போதகர் ஒருவர் பணியாற்றினார் என்பதைப் பலர் அறியார். பொன்னேரியிலிருந்து பேருந்தில் சென்று இறங்கினால், கடைத்தெரு, கல்லறைத் தோட்டம், கோட்டைமேடு, ஏரிக்கரை எனச் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்தையே அரைநாளில் அடையலாம். மேடுபள்ளமற்ற சமதரை, முதியோருக்கும் எளிய நடை.

ஒல்லாந்தர் 1610இல் விஜயநகர அரசின் இசைவுடன் இங்கே பண்டகசாலை அமைத்தனர். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கேயர் அதை அழித்தனர். அடுத்த ஆண்டு கெல்திரியாக் கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் வாணிகத்துக்கு இதுவே தலைமை நிலையமாய் இருந்தது. இன்று அக்கோட்டை புதர் மண்டிய மேடாகவே காணப்படுகிறது.

இக்கோட்டையில் 1632 முதல் 1642 வரை போதகராயிருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். பத்மநாபன் என்னும் பிராமணரிடம் போர்த்துக்கேய மொழியின் வாயிலாக வினவி, இந்நாட்டாரின் வழிபாடு, நோன்பு, சடங்கு ஆகியவற்றைப் பொறுமையுடன் பதிவு செய்தார். பர்த்ருஹரியின் நீதிமொழிகளையும் அவர் துணையால் தம் மொழியில் தந்தார். வடமொழி நூலொன்று ஐரோப்பிய மொழியில் அச்சேறியது அதுவே முதல்முறை என்பர். ரோஜேரியஸ் 1649இல் மறைந்தார். அவருடைய மனைவியின் முயற்சியால் 1651இல் லெய்டன் நகரில் அந்நூல் வெளிவந்தது. மறைந்து கிடக்கும் புறச்சமயத்திற்குத் திறந்த வாசல் என்பது அதன் பெயரின் பொருள். அயலாரின் சமயத்தைப் பழிக்குமுன் அவர் வாயிலாகவே கேட்டறிய வேண்டும் என்னும் நெறிக்கு அந்நூல் ஒரு முன்மாதிரி.

எனினும் அதே கோட்டை வேறொரு வாணிகத்திற்கும் வாசலாயிருந்தது. பஞ்சத்தாலும் போராலும் நிலைகுலைந்த ஏழை மக்கள் அடிமைகளாய் விலைக்கு வாங்கப்பட்டு, பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1622-23ஆம் ஆண்டுகளில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேர் அனுப்பப்பட்டதாக வரலாற்றாய்வாளர் கணக்கிட்டுள்ளனர். ரோஜேரியஸ் இங்கு வருமுன்னரே தொடங்கிய இவ்வாணிகம் அவர் சென்ற பின்னும் தொடர்ந்தது.

இந்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. சாவு அனைவர்க்கும் பொது என்பதே அவை புகட்டும் பாடம். ஆனால் உள்ளே கருங்கல்லில் பொறித்த பெயர்களும் குலச்சின்னங்களும் ஒல்லாந்தருடையவை. இக்கரையிலிருந்து கப்பலேறிய தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் இங்கே ஒரு கல்லும் இல்லை. சாவிலும் சமத்துவம் வாய்க்கவில்லை.

இவ்விரண்டில் ஒன்றை மட்டும் நினைவுகூர்வது நமக்குத் தகாது. ரோஜேரியஸின் கல்வியைப் போற்றி அடிமை வாணிகத்தை மறைப்பது பொய். அடிமை வாணிகத்தைச் சுட்டி அவர் உழைப்பைப் புறந்தள்ளுவதும் நீதியன்று. ஒரு மக்களின் சமய நூல்களைக் கற்கும் சபை, அம்மக்களின் உடலுக்கும் உழைப்புக்கும் நேர்வதைக் காணாதிருக்கக்கூடும் என்பதே இந்த வரலாறு தரும் எச்சரிக்கை. எளியோரை விற்றவர்களைக் கண்டித்த ஆமோஸ் தீர்க்கதரிசியின் நூல் அந்தக் கோட்டையிலிருந்தோரின் வேதாகமத்திலும் இருந்ததல்லவா?

பழவேற்காட்டிற்கு அண்மையிலுள்ள கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் ஒப்பந்தக் கூலிகளாய் உழைக்கின்றனர். அவர்கள் அடிமைகள் அல்லர். அவர்தம் நிலையை அக்காலத்தோடு ஒப்பிடுவது மிகையாகும். ஆயினும் அவர்கள் மொழியில் நற்செய்தி சொல்ல ஆயத்தமாகும் நாம், அவர்கள் கூலி முறையாகக் கிடைக்கிறதா, தங்குமிடம் மனிதர் வாழத்தக்கதா, ஆலையில் காயமுற்றால் யார் பொறுப்பு என்றும் விசாரிக்கக் கடன்பட்டுள்ளோம். இறையியல் மாணவர்கள் ஒருமுறையேனும் பழவேற்காட்டைச் சுற்றிவருதல் நலம். கோட்டைமேட்டையும் கல்லறையையும் கண்டபின், திரும்பும் வழியில் கும்மிடிப்பூண்டித் தொழிலாளர் குடியிருப்புகளையும் காண்பார்களாயின், அந்த நடை முழுமை பெறும்.