பூச்சாண்டியின் பெயர்

மலையாளக் கரைக்கு வந்த போர்த்துக்கேய மாலுமிகள், மட்டை உரித்த காயைக் கையில் வாங்கியதும் திகைத்தார்கள். மூன்று கண்களோடு அது அவர்களையே உற்றுப் பார்த்தது. பிள்ளைகளை அடக்கத் தங்கள் ஊர்த் தாய்மார் கூப்பிடும் பூச்சாண்டியின் பெயரை அதற்கு வைத்தார்கள்: 'கோகோ'. 1563இல் கோவாவில் அச்சான நூலில் மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, மலையாளத்தார் சொல்லும் 'தெங்கா'வையும் குறித்துவைத்தார். ஆனால் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது பூச்சாண்டிதான்.

அதே நூற்றாண்டில் மெக்சிகோவில் ஸ்பானியர் வேறொரு கொட்டையைக் கண்டார்கள். அஸ்டெக் மக்களுக்கு அது பானம், காசும்கூட. அவர்கள் வைத்திருந்த பெயர் ஸ்பானிய வாயில் 'ககாவோ' ஆனது. தென்னைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிரெஞ்சும் ஜெர்மனும் இரண்டையும் தனித்தனியாகவே வைத்துக்கொண்டன. ஆங்கிலத்தில்தான் 'ககாவோ'வின் உயிரெழுத்துகள் இடம் மாறி, அது பூச்சாண்டியின் பக்கத்தில் வந்து நின்றது. இனி ஒரு கைத்தவறு போதும்.

1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இரண்டு மரங்களுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்திருந்தார். இரண்டே ஆண்டில் லண்டனில் சாமுவேல் ஜான்சனின் அகராதி வெளிவந்தது. அதில் இரண்டின் பதிவுகளும் ஒரே தலைப்பில் கலந்துபோயின! ஆங்கிலேயர் தேங்காயின் பெயரிலும் வேண்டாத 'ஏ' ஒன்றைச் சேர்த்து எழுதினார்கள். அந்த எழுத்து இலங்கைக் கணக்கேடுகளுக்கும் வந்தது. அசல் கொட்டை மட்டும் இன்னும் இங்கே வேரூன்றவில்லை.

அதற்கு வழிவிட்டது ஒரு பூஞ்சை. 1869இல் இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களைத் தாக்கியது. தமிழகத்துத் தொழிலாளர் மன்னாரிலிருந்து நடந்தே வந்த வடக்குப் பாதை, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு வந்தது. அந்தப் பாதை கொண்டுபோய்ச் சேர்த்த தோட்டங்களே கருகின. பிழைக்க வழி தேடிய துரைமார் மாத்தளை, தும்பறைப் பக்கங்களில் மெக்சிகோ மரத்தை நட்டார்கள். அடிமரத்திலேயே காய்க்கும் விசித்திர மரம் அது. பழத்தை உடைத்தால் வெள்ளைச் சதைக்குள் வரிசையாக விதைகள். வாயில் போட்டால் சதை இனிக்கும், கடித்தால் விதை கசக்கும். குவித்து, மூடி, நாட்கணக்கில் புளிக்கவிட்டுக் காயவைத்தால்தான் மணம் வரும். நிழல் வேண்டும் அதற்கு. நிழலுக்குத் தோதாக அமைந்தது, பெயரைக் குழப்பிய அதே தென்னை!

இருபதாம் நூற்றாண்டில் தேங்காய் அந்த 'ஏ'யை உதறிவிட்டது. புளித்துக் காய்ந்த விதையின் தூளை அடைத்த டின்னிலோ அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தத் தூளின் பெயரைச் சிங்களம் 'கொகோவா' என்று நீட்டியது, தமிழ் 'கொக்கோ' என்று சுருக்கியது.