7000 வருஷம் தாங்கிய தோல்

மம்மின்னாலே நமக்கு எகிப்துதான். ஆனா அதுக்கு 2000 வருஷம் முன்னாடியே சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனக் கரையில் சின்சோரோ மீனவர்கள் இறந்தவர்களைப் பதப்படுத்தினார்கள். கைக்குழந்தைகளைக்கூட.

7000 வருஷம் தாங்கிய உடல்கள். அரிக்கா ஊர் அருங்காட்சியகத்தில் பத்தே வருஷத்தில் கருப்புக் கூழாக வழிய ஆரம்பித்தன.

ஹார்வர்டின் ரால்ஃப் மிட்செல் குழு மம்மித் தோலில் இருந்த கிருமிகளை வளர்த்து, பன்றித் தோலில் விட்டுப் பார்த்தது. ஈரப்பதம் அதிகமான இடத்தில் 21 நாளில் தோல் சிதையத் தொடங்கியது. ஏதோ பழங்கால விஷக்கிருமி இல்லைங்க, நம்ம தோல்லயும் இருக்கிற சாதாரண பாக்டீரியா வகைகள்தான்! காற்றில் ஈரம் கூடியதும் தோலையே உணவாக்கிவிட்டன. (படுத்த படுக்கையா இருக்கிறவங்க முதுகை ஈரமில்லாம வைக்கச் சொல்றோமே, ஞாபகம் வருதா?)

மியூசியத்தில் ஈரப்பதத்தை 40–60 சதவீதத்தில் வைத்துக் காப்பாற்றலாம். மணலுக்கடியில் இன்னும் நூற்றுக்கணக்கில் கிடப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.